மெர்சி அக்காவுக்கு ஒரு கிட்டார்

எங்கள் ஊரில் கிராக்கர்ஸ் செய்வார்கள் என்று இங்கே சொன்னால், எந்த சீஸோடு சாப்பிடுவீர்கள் என்று கேட்கிறார்கள். அயர்லாந்துக்கு நர்ஸாக வந்த புதிதில் பக்கத்து வீட்டு நோராவிடம் அப்படித்தான் பெருமையாகச் சொல்லி வைத்தேன். மறுநாள் அவள் ஒரு பிஸ்கட் டப்பாவோடு வந்து நின்றாள். நான் இரண்டு கையையும் விரித்து 'டமார்' என்று காட்டிய பிறகுதான், நான் சொன்னது பிஸ்கட் இல்லை, பட்டாசு என்று அவளுக்குப் புரிந்தது. சாதாரண ஜனங்கள் வெடி வாங்கவே அனுமதியில்லாத நாடு இது. "அதையா வீட்டுப் பக்கத்தில் செய்வீர்கள்?" என்று அவள் கண்ணை விரித்தாள். அந்த டப்பாவைக் காலி செய்த நேரத்தில் நாங்கள் சிநேகிதிகள் ஆகிவிட்டோம். நோரா பழைய நாற்காலிகளைச் சரிசெய்து விற்பவள். அவளுடைய கராஜில்தான் அந்தக் கிட்டார் பிறந்தது.

கிட்டார் என் அக்காவுக்கு. மெர்சி அக்கா விருதுநகரில் கணக்கு டீச்சர். இருபது வருஷம் எங்கள் சர்ச் பாடகர் குழுவுக்கு அவள்தான் கிட்டார். பள்ளிக்கூடத்தில் அவளுக்குப் பயந்த பிள்ளைகள்கூட ஞாயிற்றுக்கிழமை அவள் வாசிக்கும்போது வாயைப் பிளந்து பார்ப்பார்கள். போன லீவுக்குப் போயிருந்தபோது கிட்டார் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. "விரல் முட்டெல்லாம் வீங்கிப்போச்சு ஜெபா. கம்பியை அமுக்க முடியல" என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவள் அப்படிச் சிரித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எலக்ட்ரிக் கிட்டாரின் கம்பிகள் மெல்லியவை, லேசாகத் தொட்டாலே போதும் என்று கேள்விப்பட்டேன். அதிலும் செமி ஹாலோ என்று ஒரு வகை. உடம்புக்கு நடுவே ஒரு மரக்கட்டை ஓடும், இரண்டு பக்கமும் வெற்று அறைகள். தோளுக்குப் பாரமில்லை. கடையில் வாங்கி அனுப்பியிருக்கலாம்தான். அக்காவின் குட்டை விரல்களுக்குக் கடைக் கிட்டாரின் கழுத்து தடிமன் என்று எல்லோரிடமும் சொன்னேன். அது பாதி உண்மை. செய்து பார்க்க எனக்கே கை துறுதுறுத்தது மீதிப் பாதி.

டியூட்டி இல்லாத நாளெல்லாம் கராஜில்தான். மரத்தூள் வாசனையோடு வீட்டுக்கு வருவேன். மேல்பலகையை ஒட்டி, தடவிப் பார்த்துப் பூரித்து நின்ற மத்தியானம் நோரா கேட்டாள், "வயர் எந்த வழியாகப் போகும்?" நடுக்கட்டையில் வயர் போவதற்கு ஓட்டை போட மறந்து, பலகையால் மூடிவிட்டேன்! ஒட்டியதைப் பிரித்தால் பலகை பிளந்துவிடும். ஒரு வாரம் கராஜ் பக்கமே போகவில்லை. பிறகு நீளமான ட்ரில் முனை ஒன்றை வாங்கி, கம்பியின் அதிர்வை வாங்கும் பிக்கப்புக்காக மேல்பலகையில் வெட்டிய குழி வழியாகச் சாய்வாக இறக்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு துளைத்தேன். முனை கட்டையைத் துளைத்துப் பக்கத்து அறைக்குள் பொத்தென்று இறங்கிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. சத்தம் கூட்டும் திருகைப் பலகையின் சின்னத் துவாரம் வழியாக மூடிய உடம்புக்குள்ளிருந்து மேலே கொண்டுவர வேண்டும். மீன்தொட்டிக் கடையில் மெல்லிய ரப்பர் டியூப் வாங்கி, துவாரம் வழியாக உள்ளே விட்டு, பெரிய குழி வழியாக வெளியே எடுத்து, திருகின் தண்டில் மாட்டி இழுத்தேன். எத்தனை நோயாளிகளுக்கு டியூப் போட்ட கை! முதல் இழுப்பிலேயே வந்துவிட்டது. நோரா கைதட்டினாள். தன் நாற்காலி வியாபாரத்தையே மறந்து, அவளுடைய பழைய கிட்டார் பெட்டியையும் இரவல் தந்தாள்.

டிசம்பரில் மதுரையில் இறங்கி, வழியில் காரியாபட்டியில் சித்தி வீட்டில் சாப்பிட உட்கார்ந்தேன். பெட்டி காருக்குள் வெயிலில் கிடந்தது. வீட்டில் அக்கா முன்னால் திறந்தால், மேல்பலகை ஓரம் ஒரு சாண் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. பசை காயும் முன்னே அவசரப்பட்டு, பலகையை அழுத்திப் பிடித்திருந்த இறுக்கிகளைக் கழற்றியது நான்தான். கிறிஸ்துமஸுக்கு மூன்றே நாள். "போனாப் போகுது. நீ வந்ததே போதும்" என்றாள் அக்கா. அதே சிரிப்பு.

உடனே சிவகாசிக்கு ஓடினேன். என்னோடு படித்த முத்துராஜ் அங்கே அச்சகம் வைத்திருக்கிறான். காலண்டர், டைரி சீசன்; நிற்க இடமில்லை.

"ஏ ஜெபா, லோடு ஏத்துற நேரத்துல கிட்டாரத் தூக்கிட்டு வந்திருக்க?"

"இறுக்கி வேணும். இல்லேன்னா வெயிட்டு வேணும்."

"எம்புட்டு வெயிட்டு?"

சுற்றிலும் மலை மலையாக டைரிக் கட்டுகள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவற்றைப் பார்த்தோம். கம்பிகளைக் கழற்றி, பிளவில் பசை தடவி, பலகை ஒன்றை மேலே வைத்து, முப்பது கட்டுகளை அடுக்கினோம். "இந்த முப்பதை மட்டும் நாளைக்கு மத்தியானம் வரை எவனும் தொடக்கூடாது. கேட்டா ஆர்டர் பெண்டிங்னு சொல்லுங்க" என்று ஆட்களுக்குச் சொன்னான் முத்துராஜ். மறுநாள் எடுத்தபோது பிளவு நகக்கீறல் அளவுகூடத் தெரியவில்லை. கிட்டாரின் முதுகில் மட்டும் சிமெண்டுத் தரையின் கீறல் இரண்டு.

கம்பி மாட்டி அக்கா கையில் கொடுத்தேன். கூடவே வந்த முத்துராஜ், "வாசிங்க டீச்சர், லோடையே நிறுத்திட்டு வந்திருக்கேன்" என்றான். அக்கா ஒரு விரலை வைத்தாள். பிறகு நான்கையும் வைத்தாள். வலியில் முகம் சுளிப்பாள் என்று காத்திருந்தேன். சுளிக்கவில்லை.

"வலிக்குதாக்கா?"

"சும்மா இரு" என்றாள். "பாட்டு வருது."

கிறிஸ்துமஸ் காலையில் சர்ச்சில் நான்கு பாட்டுகள் வாசித்தாள். ஐந்தாவதுக்கு விரல் கெஞ்சியது, நிறுத்திக்கொண்டாள். போதும் எனக்கு.

நோராவின் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே! காலியாக அனுப்ப அக்காவுக்கு மனசில்லை. கிட்டார் வடிவப் பள்ளம் முழுக்கச் சாத்தூர் காராசேவுப் பொட்டலங்களை அடைத்து மூடினாள். டப்ளின் விமான நிலையத்தில் அதிகாரி ஒருவர் பெட்டியைத் திறந்து வெகுநேரம் பார்த்தார்.

"கிட்டார் எங்கே?"

"வீட்டில் இருக்கிறது."

"இப்போது நீங்கள் எங்கே போகிறீர்கள்?"

"வீட்டுக்கு" என்றேன்.