ஆள் வருது

திருப்பூர் டவுன் பஸ்ஸில் இடம் பிடிக்க ஒரு முறை இருக்கிறது. பஸ் முழுதாக நிற்பதற்குள் சாப்பாட்டுப் பையை ஜன்னல் வழியாக உள்ளே போட்டுவிட வேண்டும். பை விழுந்த இடம் நம்முடையது. ஏறி வருகிறவர்கள் பையைப் பார்த்துவிட்டு, "ஆள் வருதுங்களா?" என்று கேட்பார்கள். பக்கத்தில் இருப்பவர் "வருதுங்க" என்றால் போதும், அதற்குமேல் யாரும் வழக்குப் பேச மாட்டார்கள். எனக்கு இதைப் பழக்கியவள் என் தோழி. குறி தப்பாமல் எறிவாள். நான் எறிந்த பை ஒருமுறை கண்டக்டர் மடியில் விழுந்ததிலிருந்து, எனக்கும் சேர்த்து அவளே இடம் பிடித்தாள்.

நல்லூரில் எங்கள் வீடுகள் அடுத்தடுத்த தெருக்களில் இருந்தன. என் அத்தா கம்பெனிகளில் கழியும் துணி வேஸ்ட்டை வாங்கி விற்கிறவர். அவளுடைய பெற்றோர் திருநெல்வேலிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரே பனியன் கம்பெனியில் அப்பா அயர்னிங், அம்மா செக்கிங். தைத்து வருகிற பனியனில் ஓட்டையோ கறையோ இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் செக்கிங் வேலை.

பத்தாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கு எங்கள் ஊரில் எல்லோரிடமும் ஒரே யோசனைதான் இருக்கும். காமர்ஸ் குரூப் எடு, எக்ஸ்போர்ட் ஆபீசில் ஃபேன் காற்றில் உட்காரலாம். எனக்கும் அதுதான் எண்ணம். அவள் மட்டும் உயிரியல் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். தன் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்டபோது ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ராஸ்கோப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறாள். அந்தப் பெண் நிமிர்ந்து, "மலேரியா" என்று ஒரே வார்த்தை சொன்னாளாம். அந்த நாற்காலியில்தான் நானும் உட்காருவேன் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள்.

எங்கள் பள்ளியில் உயிரியல் டீச்சர் ஓய்வு பெற்றுப் போன இடம் காலியாகவே கிடந்தது. இருவரும் தலைமை ஆசிரியையிடம் போய் நின்றோம்.

"ஏன் கண்ணு, டீச்சரே இல்லாத பாடத்தைக் கேட்டா நான் எங்க போறது?" என்றார் அவர். பிறகு அவரே ஒரு வழியும் சொன்னார். "போதுமான பிள்ளைங்க சேர்ந்தா, டவுன் பள்ளிக்கூடத்து டீச்சர் ஸ்கிரீன்ல பாடம் எடுப்பாங்க. சனிக்கிழமை அங்க போயி லேப்ல செய்யோணும். ஆள் சேரலீன்னா குரூப் கெடையாது."

பாதி நேரில், பாதி திரையில். அதற்கு ஆபீசில் ஏதோ பெரிய பெயர் வைத்திருந்தார்கள். நாங்கள் பாதிப் பள்ளிக்கூடம் என்றோம். ஆள் சேர்க்க வெயிலில் வீடு வீடாகப் போனோம். வார்டு எலெக்‌ஷனுக்குக்கூட எங்கள் தெருவில் யாரும் அப்படி அலைந்ததில்லை. எல்லா வீட்டிலும் சனிக்கிழமைதான் இடித்தது. அது கம்பெனியில் சம்பள நாள். அம்மாக்கள் ஒன்றரை ஷிப்ட் முடித்து இருட்டிய பிறகுதான் வருவார்கள். அன்றைக்குப் பெண்ணும் வீட்டில் இல்லையென்றால் சோறு யார் ஆக்குவது என்றார்கள்.

"சனிக்கெழம சம்பளம் வாங்குன கையோட எல்லாரும் புரோட்டாதான வாங்குதீய?" என்று கேட்டாள் அவள். "பொறவு சோறு எதுக்கு?"

அம்மாக்கள் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்கள். குரூப் வந்துவிட்டது. எண்ணிக்கைக்கு ஆள் போதவில்லை என்று கடைசியில் அவள் என்னையும் இழுத்துப் போட்டிருந்தாள். அத்தா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. தவளை என்றாலே எனக்குக் குமட்டும். இருந்தும் அவளுக்காகச் சேர்ந்தேன்.

வகுப்பில் சுவரை அடைத்தாற்போல ஒரு திரை. டவுன் டீச்சர் பெரிய கட்டத்தில் இருப்பார். பள்ளிக்கு வர முடியாதவர்கள் வீட்டிலிருந்து போனில் சேர்ந்துகொள்ளலாம். அவர்கள் ஓரத்தில் சின்னக் கட்டங்களாகத் தெரிவார்கள். போனெல்லாம் பெற்றோருடையது என்பதால் கட்டங்களின் கீழே வரும் பெயர்கள் வேடிக்கையாக இருக்கும். ஒருத்தி 'நிட்டிங் மாஸ்டர்'. இன்னொருத்தி 'பிள்ளையார் துணை'. என் தோழிக்குக் காய்ச்சல் வந்த ஒரு நாளில் அவள் 'செக்கிங் அக்கா' என்று வந்தாள். போன் கடைக்காரர் அவள் அம்மாவுக்குப் போட்டுக் கொடுத்த பெயர் அது. அதன்பிறகு வகுப்பில் எல்லோரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஐப்பசிக்குப் பிறகு வெளிநாட்டு ஆர்டர்கள் குறைந்தன. ஒன்றரை ஷிப்ட் ஒரு ஷிப்ட் ஆயிற்று. பிறகு வாரத்தில் பாதி நாள் கம்பெனி பூட்டிக் கிடந்தது. அத்தா வேஸ்ட் கிடைக்காமல் வெறும் வண்டியோடு திரும்பி வருவார். பொங்கலுக்கு அவள் வீட்டார் ஊருக்குப் போனபோது நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன். கிளம்பும் முன் தன் பழைய சாப்பாட்டுப் பையை என் கையில் திணித்தாள். வகுப்பில் என் பக்கத்தில் ஜன்னலோரம் அவளுடைய இடம்.

"ஏட்டி, நான் வருத வரைக்கும் பெஞ்சுல போட்டு வை. யாரும் உக்காந்துரக் கூடாது."

பொங்கல் கழிந்தது. அவள் வரவில்லை. யாரும் கவலைப்படவில்லை. இது இந்த ஊருக்கே உள்ள புத்தி. பொங்கலுக்குப் போனவர்கள் ஆடி அசைந்துதான் திரும்புவார்கள் என்பது திருப்பூரில் ஊரறிந்த விஷயம். கம்பெனிக்காரர்களே அதைக் கணக்கில் வைத்துத்தான் வேலை போடுவார்கள். அவர்கள் வாடகைக்கு இருந்த லைன் வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கேட்டேன். "சாவி அவங்ககிட்டதான் இருக்குதுங்க கண்ணு. சாமானெல்லாம் உள்ளதான் கெடக்குது. வந்துருவாங்க," என்றார். போதாததற்கு 'செக்கிங் அக்கா' என்ற கட்டம் ஒரு நாள் தவறாமல் திரையில் வந்துகொண்டிருந்தது. கேமரா இல்லை, குரல் இல்லை, கறுப்பாக ஒரு கட்டம். இருக்கிறாள், ஊரில் சிக்னல் சரியில்லை, அவ்வளவுதான் என்று நான் நிம்மதியாக இருந்தேன். என் மெசேஜ்களுக்குப் பதில் இல்லாதது பற்றிக் கோபம் மட்டும் இருந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம்.

மாசியில் ஒரு நாள் டீச்சர் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தார். கட்டங்களில் இருந்தவர்களையும் விடவில்லை. "செக்கிங் அக்கா, சிறுநீரகத்தோட வேலை என்ன, சொல்லுங்க பாக்கலாம்," என்றார். வகுப்பு சிரித்தது. கறுப்புக் கட்டத்தில் மைக் திறந்தது. முதலில் கோழி கொக்கரிக்கும் சத்தம். பிறகு ஒரு பெரிய மனுஷியின் குரல்.

"ரத்தத்துல உள்ள அழுக்கைப் பாத்து ஒதுக்குதது, டீச்சர்." அந்தக் குரலே தொடர்ந்து சொன்னது. "நான் அவ அம்மை பேசுதேன். அவ இல்ல, டீச்சர். திண்டுக்கல் பக்கம் நூல் மில்லுக்குப் போயிருக்கா. ஆஸ்டல்ல போன் குடுக்க மாட்டாவ. ஞாயித்துக்கெழம மட்டுந்தான் பேச விடுவாவ. அதான் நான் கேட்டு வச்சு அவளுக்குச் சொல்லுதேன். அவ பேரை மட்டும் வெட்டிராதீய."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "செரிங்க. வெட்டலீங்க. நீங்க சொன்ன பதிலு செரிதானுங்க," என்றார். பிறகு பாடத்தைத் தொடர்ந்தார். எனக்கு ஒன்றும் காதில் விழவில்லை. தினமும் அந்தக் கட்டத்தைப் பார்த்து அவள் இருக்கிறாள் என்று சமாதானமாக இருந்தேனே, அங்கே அவள் அம்மாவல்லவா உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிடந்த பையின் மேல் கை வைத்துக்கொண்டு அழுதேன். ஆனாலும் பையை எடுக்கவில்லை. அங்கே உட்கார வரும் பெண்கள் கேட்டால், "ஆள் வருது" என்று சொல்லிவிடுவேன். வருவாள் என்று நான் நம்பினேன். அம்மா கேட்டுச் சொல்கிறார், டீச்சர் பெயரை வெட்டவில்லை, வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன்.

பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் ஊரில் சாஸ்தா கோயிலுக்குப் போவார்கள். அதற்காக மில்லில் அவளுக்கு லீவு கொடுத்திருந்தார்கள். உத்திரத்துக்கு முதல் நாள் 'செக்கிங் அக்கா' கட்டத்தில் திடீரென்று வெளிச்சம் வந்தது. அவளே வந்துவிட்டாள். மெலிந்து, தலையை இழுத்துப் பின்னி, மடியில் நோட்டோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவள் அம்மா நின்று எட்டிப் பார்த்தார். வகுப்பே எழுந்து கையசைத்தது. நான் பெஞ்சிலிருந்த பையைத் தூக்கித் திரைக்குக் காட்டினேன். அவள் வாய்விட்டுச் சிரித்தாள். டீச்சர், "வா கண்ணு," என்று சொல்லிவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

அன்றைக்கு நரம்பு மண்டலத்தின் கடைசிப் பகுதி. பொங்கலிலிருந்து படித்தது எல்லாம் தெரிந்திருந்தால்தான் அது புரியும். டீச்சர் நிறுத்தி நிறுத்தித்தான் நடத்தினார். நான் பாடத்தைக் கவனிக்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் வேகமாக எழுதினாள். பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். பிறகு அம்மாவின் பக்கம் திரும்பி ஏதோ கேட்டாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அதற்குப் பிறகு அவள் திரையைப் பார்க்கவில்லை. மணி அடிப்பதற்கு முன்பே கட்டம் கறுத்துப்போயிற்று.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் அவளுடைய மெசேஜ் இருந்தது.

"ஒண்ணும் வெளங்கலட்டி. என் எடத்துல இருக்க பைய எடுத்துரு."

மடத்தனமாகப் பேசாதே, நான் எல்லாப் பாடத்தையும் எழுதி அனுப்புகிறேன் என்று பக்கம் பக்கமாகத் தட்டினேன். பதில் வரவில்லை. அதற்குள் அவள் மில்லுக்குத் திரும்பியிருக்க வேண்டும். அடுத்த வகுப்புக்கு 'செக்கிங் அக்கா' வரவில்லை. அதற்கு அடுத்த வகுப்புக்கும் வரவில்லை. டீச்சர் திரையில் இருந்த கட்டங்களை ஒருமுறை பார்த்துவிட்டுப் பாடத்தைத் தொடங்கினார்.

அவள் கேட்ட பாடத்தை நான் படித்து முடித்தேன். இப்போது டவுனில் ஒரு பரிசோதனை நிலையத்தில் மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார்ந்து பழகுகிறேன். இன்றுவரை அந்த நாற்காலியில் எனக்கு இருப்புக் கொண்டதில்லை.

அந்தப் பங்குனியிலேயே ஒரு நாள், பின் பெஞ்சில் திரை சரியாகத் தெரியாத ஒரு பெண் புத்தகங்களோடு எழுந்து வந்து என் பக்கத்தில் நின்றாள். பையைப் பார்த்தாள்.

"இங்க ஆள் வருதா?"

நான் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இல்ல," என்றேன். "உக்காரு."