சத்தம் வராமல் இறக்குவது

அம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிந்த பிறகுதான் செம்பூரில் எங்கள் தெருமுனை ஜிம்மில் சேர்ந்தேன். தினமும் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் உட்காரவைக்கச் சொல்லியிருந்தார் மருத்துவர். தூக்கிவிடுவேன். இறக்கும்போது கை தளர்ந்து, கடைசி ஒரு சாணில் அவள் பொத்தென்று விழுவாள்.

"ஏல, நான் என்ன அரிசி மூட்டையா? இன்னொரு மட்டம் இப்படிப் போட்டேன்னா மத்த இடுப்பும் போயிரும்."

ஜிம்மில் என் தேவையைத் தெளிவாகச் சொன்னேன். பயிற்சியாளர் தலையாட்டிவிட்டு என்னை மெஷினில் உட்காரவைத்து நெஞ்சை வளர்த்தார். அவர் போய் அடுத்தவர் வந்தார். மெஷினைத் தொடுவதே பாவம், வெறுங்காலோடு ரப்பர் பந்தின்மேல் நில்லுங்கள் என்றார். அம்மாவைத் தூக்கும்போது என் காலடியில் பந்து இருக்காது என்றேன். "கோர், அங்கிள், கோர்" என்று தன் வயிற்றைத் தட்டிக் காட்டினார். மூன்றாமவர் லாரி டயரைப் புரட்டச் சொன்னார். பஞ்சர் கடையில் இதற்குச் சம்பளம் தருவார்கள். இங்கே நாங்கள் கட்டணம் கட்டினோம். மூவரும் ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்: முன்னவர் சொல்லித்தந்தது முதுகை உடைக்கும்.

இப்போது இருப்பவர் தாராவிக்காரர். இரும்புக் கம்பியும் எடையும்தான் அவருடைய வேதம். அவரிடம் பயில்பவர்கள் தலைக்குமேல் தூக்குவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள், அப்படியே கீழே போடுவார்கள். கட்டடம் அதிரும், கைதட்டல் எழும். அந்த அதிர்வில்தான் எனக்கு உறைத்தது: இத்தனை பேரில் ஒருவர்கூட எனக்கு இறக்கச் சொல்லித்தரவில்லை.

அன்றிலிருந்து மூலையில் கிடந்த மணல் மூட்டையை எடுத்துக்கொண்டேன். கட்டில் உயரமுள்ள ஒரு மேடையிலிருந்து அதை அணைத்துத் தூக்கி, காலை மாற்றிவைத்துத் திரும்பி, முழங்காலை மடக்கித் தாழ்வான பெஞ்சில் வைப்பேன். சத்தம் கேட்டால் அந்த முறையைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

பயிற்சியாளர் இடுப்பில் கைவைத்து நின்றார். "என்ன அங்கிள், சத்தமே வரல! வெயிட்டு தூக்குதீயளா, தூங்குத புள்ளயத் தொட்டில்ல போடுதீயளா?"

ஜிம்மே சிரித்தது. "இரண்டாவது" என்றேன்.

நேற்றுக் காலை அம்மா, பக்கத்து வீட்டுக்காரி குக்கரைத் திருப்பித் தராததற்குத் திட்டிக்கொண்டிருந்தாள். பாதி வசவு கட்டிலில், மீதி வசவு நாற்காலியில். நடுவில் ஒரு மூச்சுக்கூட அவள் நிறுத்தவில்லை.

நான் அப்படியே நின்றேன்.

"என்னல முழிக்க? போய் காப்பிய எடு."