வற்றாத வாணலி

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டின் மழைக்காலத்தில், குடையை விரிக்கவும் மடக்கவுமே கைகளுக்கு நேரம் சரியாக இருந்த ஒரு காலைப்பொழுதில், உணவுத் துறை ஆய்வாளர் மொறுமொறுவின் கடைக்குள் முதன்முதலாக நுழைந்தார்.

மொறுமொறு என்பது பேருந்து நிலையத்திற்கு எதிரே உருளைக்கிழங்குச் சிப்ஸ் போட்டு விற்றவருக்கு ஊரார் வைத்த பெயர். அவருடைய இயற்பெயர் கடைப் பலகையில் எழுதப்பட்டுத்தான் இருந்தது. ஆனால் எண்ணெய்ப் புகை படிந்து படிந்து, அதைப் படிக்கும் பாக்கியம் யாருக்கும் கிட்டவில்லை. கடையின் முன்புறம் கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியில் அமர்ந்து அவர் மனைவி பொட்டலம் கட்டுவார். பின்புறம் அடுப்பு, அதன்மேல் ஒரு குழந்தையைக் குளிப்பாட்டும் அளவுக்கு அகலமான இரும்பு வாணலி.

ஆய்வாளர் வாயைத் திறப்பதற்குள் மொறுமொறு முந்திக்கொண்டார்.

"மேடம், இந்த வாணலி கடை திறந்த நாள்லேர்ந்து ஒரு தடவைகூட வத்தினதில்ல. மிச்சமாகிற எண்ணெய் மேலதான் மறுநாள் புதுசு ஊத்துவேன். பதினாலு வருஷத்துக்கு முன்னாடி ஊத்தினதுல ஒரு சொட்டாவது இன்னும் இதுக்குள்ள இருக்கும்!"

குற்றத்தை மார்தட்டி ஒப்புக்கொள்ளும் மனிதரை ஆய்வாளர் தம் பணிக்காலத்தில் அதுவரை கண்டதில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து நீண்ட கம்பி பொருத்திய மீட்டரை எடுத்து எண்ணெயில் முக்கினார்.

"எண்ணெய் எவ்வளவு கெட்டுப்போயிருக்குன்னு இது சொல்லும். இருபத்தஞ்சைத் தாண்டினா கொட்டிடணும். உங்களோடது முப்பத்தெட்டு."

"முப்பத்தெட்டா! பள்ளிக்கூடத்துலகூட நான் இவ்வளவு மார்க் வாங்கினதில்லையே!"

"சிரிக்காதீங்க. அந்தம்மா முகத்தைப் பாருங்க" என்றார் மனைவி.

ஒரே எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சினால் அதன் தன்மையே முறிந்துவிடும் என்றும், அப்படிப்பட்ட எண்ணெயில் பொரித்ததை நாள்தோறும் தின்பது இரத்தக் குழாய்களுக்கும் இதயத்திற்கும் கேடு என்றும் ஆய்வாளர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பதினாலு வருஷமா தின்னவங்க எல்லாம் நல்லாத்தானே நடமாடுறாங்க?"

"அப்படின்னா நீங்க ஒரு பிடி சாப்பிடுங்க அண்ணே, பார்ப்போம்."

மொறுமொறு கூரையில் ஏதோ ஒழுகுவதைப்போல மேலே பார்த்தார். மனைவிக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது.

"அவரா? நெஞ்சு எரியுதுன்னு தொட்டே பல வருஷமாச்சு. கேட்டா, விக்கிற பொருள்ல கை வைக்க மாட்டேன்னு கொள்கை பேசுவாரு!"

ஏழு நாள் கெடு வைத்து ஆய்வாளர் தாளைக் கிழித்துக் கொடுத்தார். மறுமுறையும் இருபத்தைந்தைத் தாண்டினால் கடைக்கு ஒரு மாதம் முத்திரை. தெருக்கோடியில் புதிதாக இன்னொரு சிப்ஸ் கடை முளைத்திருந்தது. ஒரு மாதம் பூட்டிக் கிடந்தால் வாடிக்கையாளர் அனைவரும் அங்கே போய்விடுவர் என்பது மூவருக்குமே தெரியும்.

ஏழாம் நாள் ஆய்வாளர் வந்தபோது வாணலியில் எண்ணெய் ஓரளவு தெளிவாகத்தான் இருந்தது. புது எண்ணெய் ஊற்றி மூன்றே நாளாகிறது என்று மொறுமொறு சத்தியம் செய்தார். மீட்டரோ இருபத்தாறு என்றது.

"மூணு நாள் எண்ணெய் இப்படிக் காட்டாதே அண்ணே?"

மொறுமொறு மறுபடியும் கூரையை நோக்கினார். அவர் மனைவி பெருமூச்சு விட்டு எழுந்து, தாம் அமர்ந்திருந்த முக்காலிக்கு அடியிலிருந்து துணி சுற்றிய தகர டின் ஒன்றை இழுத்து வெளியே வைத்தார். உள்ளே பழைய எண்ணெய், கீல் போலக் கறுத்துக் கிடந்தது.

"அடிப்பாவி, கூடவே இருந்து காலை வாரிட்டியே!"

"ஒவ்வொரு ஈட்டுக்கும் இதுலேர்ந்து ஒரு குவளை ஊத்துறாரு. மூணு நாளா இதை மறைச்சு நகராம உக்காந்து எனக்கு இடுப்பே போச்சு."

மொறுமொறுவின் குரல் இறங்கியது. "நான் என்ன செய்யுறது தங்கச்சி? புது எண்ணெய்ல நிறமே ஏறல. வெளுத்துப்போய் வருது. நேத்து பஸ் கண்டக்டர் ஒருத்தர், இது சிப்ஸா, நீங்க வெட்டிப்போட்ட நகமான்னு கேட்டுட்டுப் போறாரு. நீங்க பூட்டினா ஒரு மாசம். ருசி போச்சுன்னா மொத்தமா பூட்ட வேண்டியதுதான்."

கடைக்கு முத்திரை வைக்கும் உத்தரவை எழுதத் தொடங்கியிருந்த ஆய்வாளரின் பேனா அப்படியே நின்றது. பொரிப்பதைப்பற்றி ஆய்வாளருக்கு ஒன்றும் தெரியாது. பேசியவர் மனைவிதான்.

"ஏங்க, சீவின கிழங்கை ஏன் மூணு தண்ணியில அலசுறீங்க?"

"அலசலைன்னா கறுத்துப்போயிடும்ல?"

"பழைய எண்ணெய்ல கறுக்கும். புது எண்ணெய்தான் கறுக்க வைக்கலையே! அப்புறம் எதுக்கு மூணு தண்ணி? கிழங்குல இருக்கிற இனிப்பையெல்லாம் சாக்கடையில ஊத்திட்டு, நிறம் எங்கே நிறம் எங்கேன்னா எங்கேர்ந்து வரும்?"

ஆய்வாளர் பேனாவை மூடினார். தம் கண்ணெதிரிலேயே குறை நீங்கினால் முத்திரை வைக்க வேண்டியதில்லை என்று விதியில் ஒரு வரி உண்டு. ஆய்வாளர் அந்த வரியை அன்றுதான் முதன்முதலாகப் பயன்படுத்தினார்.

"ஒரு மணி நேரம் தர்றேன் அண்ணே. வாணலியைக் காலி பண்ணுங்க."

பதினான்கு ஆண்டுகளில் முதன்முறையாக வாணலி வற்றியது. பழைய எண்ணெய் முழுவதும் சோப்புத் தயாரிப்பவருக்கென மூடி போட்டு வைக்கப்பட்டது. கணவனும் மனைவியுமாகச் சுரண்டித் தேய்த்தபோது அடியில் இரும்பின் பளபளப்புத் தெரிந்தது. "இது நம்ம வாணலிதானா?" என்று மொறுமொறு குனிந்து தம் முகத்தையே பார்த்துக்கொண்டார். பிறகு புது எண்ணெய் காய்ந்தது. ஒரே தண்ணீரில் அலசித் துடைத்த வில்லைகள் இறங்கின. சலசலப்பு அடங்கியதும் பொன்னிறமாக மிதந்து வந்தன.

மீட்டர் ஒன்பது என்றது.

"இப்போ சாப்பிடுங்க" என்றார் ஆய்வாளர்.

மொறுமொறு ஒன்றை வாயில் போட்டு, நெஞ்சில் கை வைத்துக் காத்திருந்தார். பின் ஒரு பிடி. பின் இன்னொரு பிடி.

"விக்கிறதுக்குக் கொஞ்சம் மிச்சம் வைங்க!" என்று மனைவி தட்டைப் பிடுங்கினார்.

அன்றுமுதல் அந்த மனிதர் எண்ணெய் விஷயத்தில் ஆய்வாளரையே மிஞ்சிவிட்டார். தெருக்கோடிக் கடைக்குப் போய், "உன் எண்ணெய் இருமுது தம்பி, மாத்து" என்று அறிவுரை சொல்லித் திட்டு வாங்கி வருவார். ஆய்வாளருக்கு மீட்டரம்மா என்று பெயர் வைத்தவரும் அவர்தாம். ஆய்வாளர் பணி ஓய்வு பெற்ற நாளில், "இது இல்லாம உங்களுக்குப் பொழுது போகாது" என்று சொந்தமாக ஒரு மீட்டரையே பரிசளித்தார்.

பல ஆண்டுகளுக்குப் பின், இடுப்பெலும்பு முறிந்து கடைக்கு மேலிருந்த அறையில் மொறுமொறு படுத்திருந்தபோது மீட்டரம்மா பார்க்கப் போனார். கீழே மனைவி பொரித்துக்கொண்டிருந்தார். அந்த மணம் படியேறி வந்தது. அடுத்த வாரம் மொறுமொறு உயிரோடு இருக்கமாட்டார் என்பது அப்போது யாருக்கும் தெரியாது; அவர் பேச்சிலும் அது தெரியவில்லை.

"தங்கச்சி, மீட்டர் பையில இருக்கா?"

"இருக்கு அண்ணே."

"கீழ போய் எனக்கு ஒரு பிடி வாங்கிட்டு வாங்க. அவளை நான் முழுசா நம்புறேன். இருந்தாலும், முதல்ல எண்ணெயில மீட்டரை ஒரு முக்கு முக்கிப் பார்த்துடுங்க."