பின்கட்டு வரைக்கும் வராத சிக்னல்

திருத்தணியில குமரேசன் கை வைக்காத ஒயர் கிடையாது. தொண்ணூறுகள்ல தெருத்தெருவா கேபிள் டிவி இழுத்தான். அப்புறம் எஸ்டிடி பூத்து, அப்புறம் கம்ப்யூட்டர், இப்ப வீட்டுக்கு வீடு வைஃபை. "நிலத்த விட்டுட்டு ஒயரப் புடிச்சுக்கினு தொங்குறான்"னு பள்ளிப்பட்டுல இருக்கிற அவன் நைனா பார்க்கிறவங்க கிட்டல்லாம் பொலம்புவாரு. இத்தன வருசத்துல குமரேசனுக்கு முட்டி தேஞ்சதுதான் மிச்சம்.

அந்த ஆடிக் கிருத்திகை சமயத்துல அவனுக்கு மூச்சு விட நேரமில்ல. ஊரெல்லாம் காவடிக் கூட்டம், வண்டி நுழைய வழியில்ல. வைஃபை சரி பண்ண லாட்ஜு லாட்ஜா பையைத் தோள்ல மாட்டிக்கினு நடைதான். அந்த அலுப்புல, மலைக்கோயில் மடப்பள்ளியில சமைக்கிற ஷண்முகசுந்தரத்தோட வீட்டு வைஃபை பெட்டியும் அவன் கடைக்கு வந்து சேர்ந்துச்சு. அடிக்கடி நின்னு நின்னு போவுதாம்.

அந்த வீட்டுக்கு அது சும்மா பெட்டி இல்லீங்க. அவரு சம்சாரம் ஜம்பகம் மாமி இடுப்பெலும்பு முறிஞ்சு, கால்ல எடை கட்டி, பின்கட்டு அறையில படுத்த படுக்கை. புள்ள கணேஷ்ராம் அமெரிக்காவுல. வெள்ளிக்கிழமை பேத்தி ஸ்ரீவர்ஷினிக்கு ஆண்டு நிறைவு. ஒரு தடவ கூட மடியில போட்டுக்காத பேத்திய லேப்டாப்புலயாவது பார்த்துடணும்னு மாமி உசிரக் கையில புடிச்சுக்கினு இருந்தாங்க.

எந்தப் பெட்டி வந்தாலும் குமரேசன் சிப்புல இருக்கிறது முழுசுக்கும் ஒரு நகல் எடுத்து வெச்சுட்டுத்தான் கை வைப்பான். அன்னைக்கு உட்கார்ந்த இடத்துலயே கண்ணு சொருகுது. "ஒரு தடவ எடுக்கலன்னா குடியா முழுகிடும்?"னு மொத்தத்தையும் அழிச்சு, புது சாஃப்ட்வேர ஏத்துனான். முழுகித்தான் போச்சு.

லைட்டெல்லாம் எரிஞ்சுது, வைஃபை மட்டும் எழுந்திருக்கல. கம்ப்யூட்டர் திரையில வந்த வரியப் படிச்சதும்தான் அவனுக்கு விஷயம் புரிஞ்சுது. உள்ள சிக்னல் அனுப்புற ரேடியோவ ஓட்டுற டிரைவர்ங்கிற சாஃப்ட்வேர், எழுந்ததும் முதல் வேலையா சிப்போட கோடியில இருக்கிற சில எண்களத் தேடும். எந்த அலைவரிசைக்கு எவ்வளவு சக்தி விடணும்னு, தொழிற்சாலையில அந்தப் பெட்டியவே அளந்து எழுதினது. ஒரே மாடல், ஒரே நாள் செஞ்ச ரெண்டு பெட்டிக்குக் கூட அது வேற வேற. பாவி, இவன் அதையும் சேர்த்து அழிச்சிருக்கான்.

புதுசு வாங்க மெட்ராஸ் போவணும். ரயில்ல கால் வைக்க இடமில்ல. கடையில அதே மாடல் ஒண்ணு மின்னல்ல கருகிக் கெடந்துது. அதோட சிப்பு மட்டும் பிழைச்சிருந்துச்சு. அதுல இருந்த எண்கள எடுத்து இதுல போட்டான். டிரைவர் மறு பேச்சில்லாம ஏத்துக்கிச்சு, வைஃபை எழுந்துச்சு. "அப்பாடா முருகா!"ன்னான்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கூடத்துல கொண்டுபோய் மாட்டினான். கூடத்துல நல்லாத்தான் வந்துச்சு. லேப்டாப்பத் தூக்கிக்கினு உள்ள போனா, சமையலறை வாசப்படியில ஒரே ஒரு கோடு. பின்கட்டுல ஒண்ணுமில்ல. அடுத்தவன் மூக்குக் கண்ணாடிய மாட்டிக்கினவன் மாதிரி பெட்டி தடுமாறுது.

"ஏம்ப்பா, முன்னே இங்கே நன்னா வந்துண்டிருந்ததே?" ன்னாரு ஷண்முகசுந்தரம்.

குமரேசனுக்குப் பொய் சொல்லக் கூடத் தெம்பில்ல. "நான்தான் கெடுத்துட்டேன் சாமி. அதோட சொந்த அளவ அழிச்சுட்டேன். இனிமே கூடத்துலேர்ந்து இங்க எட்டாது."

படுக்கையிலேர்ந்து மாமி குரல் வந்துச்சு. "குழந்தை படத்துல வந்துடுத்தா?"

அதக் கேட்டதும் குமரேசன் லேப்டாப்பக் கீழ வெச்சான். லேப்டாப்புல நெட் ஒயர் சொருகுற இடம் எப்பவோ உடைஞ்சு போச்சு. அப்ப பெட்டியத்தான் மாமி கிட்ட கொண்டு போவணும். பழைய கேபிள்காரன் ஆச்சே! கூடத்துலேர்ந்து சமையலறை தாண்டி நீளமா ஒயர இழுத்தான். தேஞ்ச முட்டியோட ஸ்டூல் மேல ஏறி இறங்கி ஆணி அடிச்சான். பெட்டியக் கொண்டாந்து மாமி தலைமாட்டுல வெச்சான்.

சாயங்காலம் படம் வந்துச்சு. பட்டுப் பாவாடையில குழந்தை, வாயெல்லாம் பாயசம். மாமி திரையத் தொட்டுத் தொட்டு அழுதாங்க.

"ஏம்மா, அந்தப் பெட்டி ஏன் உன் தலைமாட்டுல இருக்கு? கூடத்துல வெச்சாலே போறுமே" ன்னான் கணேஷ்ராம்.

குமரேசன் தலையத் தொங்கப் போட்டான். மாமி கைய நீட்டி அந்தப் பெட்டியத் தடவினாங்க.

"அதுக்கும் என்னாட்டமா இந்த ரூமைத் தாண்டிப் போக முடியலைடா. துணைக்கு இருந்துட்டுப் போறது."

பையில போன் அடிச்சுது, லாட்ஜுக்காரன்தான். குமரேசன் எடுக்கல. கண்ணத் தொடச்சுக்கினு சுவத்துல சாஞ்சு உட்கார்ந்தான்.