நெற்றியில் பூசிய மந்திரம்

முதல் பிள்ளையை யாழ்ப்பாணத்தில் பிறந்த அன்றே பறிகொடுத்தவள் நான். எண்பத்தாறாம் ஆண்டு டென்மார்க்கில், ஹேர்னிங் நகரத்தில் இரண்டாவது பிள்ளைக்கு வலி கண்டபோது, சந்தோஷமும் பயமும் சேர்ந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இந்தப் பிள்ளை உயிரோடு என் கைக்கு வர வேண்டும். வேறு ஒன்றும் வேண்டாம்.

என் கணவர் டாக்சிக்குத் தொலைபேசி எடுத்துவிட்டு, காலில் மாட்டிய சப்பாத்தோடேயே சப்பாத்தைத் தேடிக்கொண்டிருந்தார். இந்த மனிதரை நம்பி நாடு விட்டு நாடு வந்தேனே என்று பல்லைக் கடித்தேன்.

அப்போதுதான் எதிர்வீட்டுப் பெண் ஓடிவந்தாள். வியட்நாமிலிருந்து படகில் தப்பி வந்த சீனப் பெண். என்னைவிட நன்றாக மூத்தவள். இருவரும் ஒரே டேனிஷ் வகுப்பில் தடுமாறுகிறவர்கள். அவள் கையில் ஒரு மஞ்சள் கடதாசி. அதில் சிவப்பு மையால் மேலிருந்து கீழே நெளிநெளியாக எழுத்து. பார்த்ததுமே விளங்கிவிட்டது. மந்திரம்! எங்கள் ஊரில் செப்புத் தகட்டில் கீறி, அச்சரக்கூட்டில் அடைத்துத் தாயத்துப் போல அரையில் கட்டுவார்கள். அவர்களுக்கும் இதே பயம், இதே காவல்! வலியையும் மீறி எனக்குப் புல்லரித்தது.

அவள் அதைக் கட்டவில்லை. ஏதோ முணுமுணுத்தபடி பீங்கான் தட்டில் வைத்துக் கொளுத்தினாள். சாம்பலானதும், பொறுங்கள் என்று கையைக் காட்டிவிட்டுக் எங்கள் குசினி அடுப்படிக்குப் போனாள்.

சாம்பலைக் கண்டால் எங்கள் ஆட்கள் பொறுப்பார்களா?

"இஞ்சரும், கண்ணை மூடும்," என்றார் இவர். மூன்று விரலால் அள்ளி, "முருகா" என்று என் நெற்றி நிறைய இழுத்துவிட்டார். மிச்சத்தைத் தானும் பூசிக்கொண்டார்.

வெந்நீர்க் கோப்பையோடு திரும்பியவள் எங்களைக் கண்டு வீரிட்டாள். "குடிக்க! குடிக்க!" என்று டேனிஷில் கத்தினாள். சாம்பலைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டுமாம்!

இவர் வெறும் தட்டைத் தூக்கித் தட்டிப் பார்த்தார். "ஐயோ, வேற கடதாசி இருக்கோ எண்டு கேளுமப்பா!"

கேட்டேன். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு என்ன நினைத்தாளோ, விரலை நனைத்து நனைத்து என் நெற்றியைத் துடைத்துக் கோப்பைக்குள் கழுவினாள். இவருடைய நெற்றியையும் விடவில்லை. எங்கள் வியர்வையும் என் குங்குமமும் கலந்த அந்தக் கறுப்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன். வெளியே டாக்சி ஹோர்ன் அடித்தது.

அன்று மாலையே மகள் பிறந்தாள். ஆஸ்பத்திரி அதிரக் கத்தினாள். நானும் கூடச் சேர்ந்து கத்தினேன், அவ்வளவு சந்தோஷம்!

மறுநாள் எதிர்வீட்டுக்காரி பார்க்க வந்தாள். அந்தக் கடதாசி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். அவளுக்குத் தெரிந்த டேனிஷ் அதற்குப் போதுமாயிருந்தது. அவள் பிள்ளை பெறும் நாளுக்கென்று அவளுடைய தாய் எழுதுவித்ததாம். சட்டை மடிப்புக்குள் தைத்துக் கடல் தாண்டிக் கொண்டுவந்திருக்கிறாள். பிள்ளைதான் வரவில்லை. "எனக்கு இனி வயதில்லை," என்று சிரித்தாள்.

அதுவரை மகளை நான் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை, பெற்ற தகப்பன் கெஞ்சியும்கூட. எடுத்து அவள் மடியில் வைத்தேன்.