ஓட்டுக்கு விடக்கூடாத அரை மணி நேரம்

சவூதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்பில் எங்கள் ரூமில் ஆறு பேர். நான் சட்டம் எழுதுகிற வரைக்கும் ஓரளவு நிம்மதியாகவே இருந்தோம்.

சைட்டில் வெல்டிங்கைச் சோதிக்க வரும் அமெரிக்கர் சட்டைப்பையில் உள்ளங்கை அளவுப் புத்தகம் ஒன்று வைத்திருப்பார். அவர் நாட்டு அரசியல் சாசனம். வேலை முடிந்து கிளம்பிய அன்று, நான் அதையே பார்ப்பதைக் கவனித்து என் கையில் கொடுத்துவிட்டார். அகராதியை வைத்துக்கொண்டு ஒரு மாதம் படித்தேன். அங்கே ராஜா கிடையாது, சட்டம்தான் பெரியது. சட்டம் போடுகிறவர், அதை நடத்துகிறவர், தீர்ப்புச் சொல்கிறவர் என்று அதிகாரத்தை மூன்றாகப் பிரித்து, ஒருவரை ஒருவர் தடுத்து நிறுத்தவும் வழி வைத்திருந்தார்கள். ஏசிக்கும் டிவிக்கும் தினம் சண்டை போடுகிற எங்கள் ரூமுக்கு இதைவிட நல்ல மருந்து ஏது?

அந்த வெள்ளிக்கிழமையே கூட்டம் போட்டேன். சட்டம் போட ஆறு பேரும் கூடி ஓட்டெடுக்க வேண்டும்; அதிகக் கைகள் எந்தப் பக்கமோ அதுவே சட்டம். மாதம் ஒருவர் நடத்த வேண்டும். தகராறு வந்தால் அந்த வாரம் சமைக்கிறவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும். சோறு போடுகிறவனை எதிர்த்து யாரும் பேசமாட்டார்கள் என்பது என் எண்ணம். பெரிய எழுத்தில் எழுதிக் கதவில் ஒட்டினேன். தலைகால் தெரியாத பெருமை எனக்கு.

என் பக்கத்துக் கட்டிலில் கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் ஒருவன், வெல்டர், என் வயதுதான். அவன் மனைவி மாதம் ஒரு கேசட் அனுப்புவாள். அதில் நாலு வயது மகள் பேசுவாள். என்ன சாப்பிட்டாள், பூனை எங்கே குட்டி போட்டது, கடைசியில் "அப்பா, எப்ப வருவ?" டூட்டி முடிந்து வந்ததும் அரை மணி நேரம் அதைப் போட்டுக் கேட்பான். ஹெட்போன் வாங்கிக்கொள் என்றால், "காதுக்குள்ள கேட்டா போராது மக்கா. பிள்ள ரூமுக்குள்ள நிக்கணும்" என்பான்.

அடுத்த கூட்டத்தில் கேசட்டுக்குத் தடை வந்தது. ஐந்துக்கு ஒன்று. நானும் கை தூக்கினேன். சத்தம் தொந்தரவு என்று சொல்லிக்கொண்டோம். உண்மையில் அந்தக் குரலைக் கேட்டால் எங்களுக்கு எங்கள் பிள்ளைகளின் நினைப்பு வந்துவிடும். அதைச் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு மாலை, காயப்போட்ட துணியை எடுக்கத் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போனேன். கொதிக்கிற மணலில், டேப் ரிக்கார்டரை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தான். சட்டை முழுக்க வியர்வை.

"இந்த வெயில்ல இங்க என்னய்யா பண்ற?"

"நீங்கல்லாம் கை தூக்கியாச்சுல்லா. சட்டம் சட்டம்தானே."

கோபமே இல்லாமல் சொன்னான். அதுதான் என்னை அறைந்தது.

ரூமுக்கு வந்து புத்தகத்தை எடுத்தேன். பின்பக்கங்களை ஏதோ இணைப்பு என்று நினைத்து நான் படிக்காமலே விட்டிருந்தேன். அங்கே திருத்தங்கள் இருந்தன. முதல் பத்தும், அரசாங்கம் ஒரு மனிதனிடமிருந்து பிடுங்கக்கூடாதவற்றைச் சொல்லின. பேச்சு, சாமி, கண்டவன் நுழைந்து சோதிக்க முடியாத வீட்டுக் கதவு. எத்தனை கை தூக்கினாலும் இதையெல்லாம் சும்மா தொட்டுவிட முடியாது. பாதிப் புத்தகத்தை வைத்துக்கொண்டு நாட்டாமை செய்திருக்கிறேன். வெட்கமாக இருந்தது.

வெள்ளிக்கிழமை திருத்தம் கொண்டுவந்தேன்: இவனுக்குத் தினம் அரை மணி நேரம் கேசட் கேட்கும் உரிமை உண்டு, இதை ஓட்டுக்கு விடக்கூடாது. ஐந்து கைகள் உயர்ந்தன. அவன் மட்டும் தூக்கவில்லை.

"எனக்கு மட்டும் எதுக்கு? எல்லாருக்கும்னு எழுது. கேசட்டுன்னும் எழுதாத. அவனவனுக்கு என்ன வேணுமோ."

அப்படியே மாற்றி எழுதினேன். இந்த முறை ஆறு கைகள்.

நாலு மாதம் கழித்து, என் அப்பா இறந்துவிட்டதாக போன் வந்தது. லீவு கிடைக்கவில்லை. அன்று டூட்டி முடித்து நான் ரூமுக்குள் வந்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டில்காரன் எழுந்து அதை அணைத்தான். கதவில் ஒட்டியிருந்த காகிதத்தைக் கையால் தட்டினான்.

"இது அவனுக்க அரை மணி நேரம். எல்லாரும் வெளிய வாங்க."

ஐந்து பேரும் அந்த வெயிலில் போய் நின்றார்கள். கதவைச் சாத்தியது அவன்தான். நான் அரை மணி நேரத்துக்கு மேலேயே அழுதேன். யாரும் கதவைத் தட்டவில்லை.