ஐஸ் ஆலைக்காரனின் டம்ளர்

அரபு நாட்டுக் கடற்கரை ஊரான குரிய்யாத்தின் மீன்துறை ஐஸ் ஆலையில் முஹன்னாவுக்கு வேலை. படகுக்காரர்கள் வண்டியைப் பின்பக்கமாகக் கொண்டுவந்து நிறுத்துவார்கள். அவன் விசையை அழுத்தினால் உடைந்த ஐஸ் சரிவுக் குழாய் வழியாகக் கொட்டும். ஊரே வேர்த்து ஒழுகும் ஜூன் மாதத்திலும் அவன் கம்பளிச் சட்டை போட்டிருப்பான். அப்படிப்பட்டவனுக்குத்தான், சிறுநீரகம் இரண்டும் கைவிட்ட பிறகு, ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒருமுறை அதை மீறினான். பெருநாளன்று, கூப்பிட்டவர்கள் மனம் கோணக் கூடாது என்று வீட்டுக்கு வீடு உட்கார்ந்து காபி குடித்தான். மறுநாள் நுரையீரலில் தண்ணீர் கோத்துக்கொண்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே, கடலில் மூழ்குகிறவன் மாதிரி மூச்சுக்குத் தவித்தான். பிழைத்து எழுந்தவனிடம் டாக்டர், "இன்னொரு தடவை இப்படி ஆனா காப்பாத்த முடியும்னு சொல்ல மாட்டேன்" என்றார்.

அதிலிருந்து யார் வீட்டுக்குப் போனாலும் காபிக் கோப்பையைக் கையில் வாங்குவான். ஊற்றுவதற்கு முன்பே அதை இடமும் வலமும் ஆட்டித் திருப்பிக் கொடுத்துவிடுவான். போதும் என்று அர்த்தம். குடித்து முடித்தவன்தான் கோப்பையை ஆட்ட வேண்டும். குடிக்காமலே ஆட்டுகிறவனைப் பார்த்து ஆரம்பத்தில் முகம் சுளித்தார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

அவனுக்கென்று மிஞ்சியது ஒரு டம்ளர். இரட்டைச் சுவரும் இறுக்கமான மூடியும் உள்ள ஸ்டீல் டம்ளர். அரை லிட்டர் தண்ணீரை அளந்து, சின்னச் சின்னக் கட்டிகளாக உறையவைத்து, அதில் போட்டு எடுத்துப் போவான். தண்ணீராகக் குடித்தால் நாலு மடக்கில் தீர்ந்துவிடும்; தாகம் அப்படியே இருக்கும். கட்டியாக வாயில் ஒதுக்கிக்கொண்டால் ஒன்று வெகுநேரம் தாங்கும். சாயங்காலம் அடியில் கரைந்து கிடக்கும் கொஞ்சம் தண்ணீர் மாத்திரை விழுங்குவதற்கு. இதற்காகத்தான் அந்த டம்ளர் குளிரைப் பிடித்துவைக்க வேண்டியிருந்தது.

அவன் பிறந்த வீட்டில் தன் பொருளைத் தானே பார்த்துக்கொண்ட பிள்ளை அவன் ஒருவன்தான். டம்ளரையும் அப்படித்தான் வைத்திருந்தான். காலையில் ஐஸ் போடுவதற்கு முன், ஃபிரிட்ஜில் இருந்த தண்ணீரை அதில் ஊற்றி மூடிவைப்பான். உள்சுவர் குளிர்ந்த பிறகு அதைக் கொட்டிவிட்டு ஐஸைப் போடுவான். இல்லாவிட்டால் ஐஸின் பாதிக் குளிரை டம்ளரே தின்றுவிடும். கட்டிகள் விளிம்பு வரை நிற்க வேண்டும். காலி இடத்தில் இருக்கும் காற்றும் ஐஸைத் தின்னும். காரில் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்க மாட்டான். ராத்திரி மூடியின் ரப்பர் வாஷரை நகத்தால் நெம்பி எடுத்து, சோப்புத் தண்ணீரில் தனியாகக் கழுவி, துணியில் காயவைப்பான். கம்பி நார் கிட்டே வரக் கூடாது. அடுப்புச் சூடு காட்டவே கூடாது.

அவன் மனைவி ரய்யாவுக்கு இதெல்லாம் தெரியும், கடைசியாகச் சொன்னதைத் தவிர. அவளிடம் அதைச் சொல்ல அவனுக்குத் தோன்றியதில்லை. டம்ளரை எடுத்துப்போய் அடுப்பில் வைக்கிறவர்கள் யார்?

ஒருநாள் காலையில் டம்ளரைத் திறந்ததும் குந்திரிக்கப் புகை வாசம் வந்தது.

"என்ன இது?"

"முகர்ந்து பாருங்க. நல்லாயிருக்கா?" ரய்யா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கல்யாணமான புதுசுல உங்க மண்ஜாடிக்குப் புகை போடுவேனே, ஞாபகம் இருக்கா? குடிக்கிறதே நாலு மடக்கு. அதாவது வாசமா இருக்கட்டும்னு நேத்து தூபக்கால் மேல கவிழ்த்துவெச்சேன்."

"ரொம்ப நேரமா?"

"பக்கத்து வீட்டு ஸுவைனா வந்து உட்கார்ந்துட்டா. அவ நாக்குக்கு நேரம் காலம் ஏது? அப்புறம் நல்லாக் கழுவித்தான் வெச்சேன்."

தணல் மேல். அவன் டம்ளரின் வெளிச்சுவரைத் தடவிப் பார்த்தான். பார்வைக்கு ஒன்றும் தெரியவில்லை. வாசம் நன்றாகத்தான் இருந்தது. சந்தோஷப்பட வேண்டும் என்று அவனுக்குத் தெரிந்தது. நோய் வந்ததிலிருந்து இப்படித்தான். என்ன தோன்ற வேண்டும் என்று தெரியும், தோன்றாது.

"நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.

வெயில் ஏறுவதற்குள் டம்ளர் வேர்த்துவிட்டது. வாங்கியதிலிருந்து அது வேர்த்ததே இல்லை. விசைப் பலகை மேல் அதைச் சுற்றி வட்டமாக ஈரம் நின்றது. முஹன்னா அதையே பார்த்துக்கொண்டிருந்தான். குளிர் வெளியே கசிகிறது. இரண்டு சுவருக்கும் நடுவே இருந்த வெற்றிடம் போய்விட்டது. இனி அது வெறும் தகரக் குவளை. மூடியைத் திறந்தால் கற்கண்டு அளவுக்கு நாலைந்து துண்டு மிதந்தது, மற்றதெல்லாம் தண்ணீர்.

கோபம் வரவேண்டிய இடம். வரவில்லை. இடது கையில், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காக ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்த இடம் மட்டும் எப்போதும்போலக் கம்ப்ரஸர் மாதிரி அதிர்ந்துகொண்டிருந்தது. மதியத்துக்குள் மிச்சத் துண்டும் கரைந்தது. தண்ணீர் வெதுவெதுப்பாகிக்கொண்டே வந்தது. அவன் அதை முழுவதும் குடித்துவிட்டான். தாகம் போகவில்லை.

படகுக்கார ஜும்ஆ வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவனும் இவனும் ஒன்றாகப் பள்ளியைவிட்டு ஓடியவர்கள்.

"என்னடா முஹன்னா, மூஞ்சி கருவாடு மாதிரி காஞ்சு கிடக்கு?"

"தண்ணி தீர்ந்துடுச்சு."

"ஐஸ் மலைக்கு நடுவுல உட்கார்ந்துக்கிட்டுத் தண்ணி தீர்ந்துடுச்சுங்கிறான் பாரு! வெளியில சொல்லாத, சிரிப்பாங்க." சொல்லிவிட்டு ஜும்ஆவே சிரித்தான். எதிரில் சிரிப்பு இல்லை என்றதும் குரல் இறங்கியது. "ஒரு துண்டு வாயில போட்டுக்கோயேன். யார் பார்க்கப் போறா?"

"தராசு பார்க்கும்."

மறுநாள் டயாலிசிஸ். மெஷினில் படுப்பதற்கு முன் எடை போடுவார்கள். உடம்பில் எவ்வளவு தண்ணீர் ஏறியது என்பதைத் தராசு சொல்லிவிடும். ஆனால் அவன் நினைத்தது தராசை அல்ல. கட்டிலில் உட்கார்ந்து மூழ்கிய அந்தக் காலையை.

ஜும்ஆ போன பிறகு முஹன்னா சரிவுக் குழாயின் வாயிலிருந்து ஒரு சில்லை எடுத்தான். மீனுக்குப் போடும் ஐஸ். நாக்கின் மேல் வைத்துக்கொண்டான். கரைந்ததை விழுங்காமல் வாசலில் போய்த் துப்பினான். மறுபடி வைத்தான், மறுபடி துப்பினான். ஒவ்வொரு முறையும் தொண்டை தானாக எழும்பியது. அவன் அதைக் கீழே இறங்க விடவில்லை. சாயங்காலம் நாக்கு யாருடையதோ மாதிரி மரத்துக் கிடந்தது.

வீட்டில் தொழுகை முடிந்து மாத்திரையைக் கையில் கொட்டினான். டம்ளர் காலி. ஒவ்வொன்றாக வறண்ட தொண்டையில் போட்டுக் கழுத்தை நீட்டி விழுங்கினான். மூன்றாவது மாத்திரை பாதியில் நின்றது. கண்ணில் நீர் வந்தது.

"தண்ணி எங்க?" என்றாள் ரய்யா.

"குடிச்சிட்டேன்."

"நீங்க மாத்திரைத் தண்ணியக் குடிக்கிற ஆளா?"

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். கெட்டிலிலிருந்து வெந்நீரை அதில் ஊற்றி, வெளிப்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். புதிதாக வாங்கியபோது அவன் செய்துகாட்டிய சோதனைதான் அது. சட்டென்று முகத்தை எடுத்தாள். கன்னம் சிவந்திருந்தது.

"தணல் மேல வெச்சதாலதானே?"

"ஆமா."

"காலையிலயே தெரியுமா?"

"சந்தேகமா இருந்துச்சு."

"திட்டியிருக்கலாம்ல?"

"வாசம் நல்லாத்தான் இருந்துச்சு, ரய்யா."

அவள் விருந்தினர் அறைக்குப் போய், பேரீச்சந்தட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் நிறைந்தே நிற்கும் காபி ஃபிளாஸ்கை எடுத்துவந்து, காபியைத் தொட்டியில் கொட்டினாள். அவர்கள் வீட்டில் அது காலியாக இருந்ததே கிடையாது. வருகிறவர் உட்காருவதற்குள் கோப்பை கைக்குப் போய்விட வேண்டும். ரய்யாவின் கௌரவமே அதில்தான் இருந்தது.

"அதை எதுக்கு எடுக்கிற? யாராவது வந்தா?"

"அடுப்பு இருக்கு. கொதிக்கிறவரைக்கும் உட்காரட்டும். ஸுவைனா மட்டும் கொதிச்சு ஆறினப்புறமும் உட்காருவா." அவள் ஃபிளாஸ்கின் மூடியைத் திருப்பிப் பார்த்தாள். "ஏலக்கா வாடை போகுமா?"

"ஆப்பச் சோடாவும் வெந்நீரும் ஊத்தி ராத்திரி பூரா விட்டுடு. மூடாம."

"வாஷரைக் கழட்டணுமா?"

"கழட்டணும். நகத்தால. கத்தி படக் கூடாது."

அவள் கழற்றினாள். வாஷருக்கு அடியில் பழைய காபிக் கசடு கறுப்பாக ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து அவளுக்கு வெட்கமாகப் போயிற்று. விரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். தோள் குலுங்குவதை முஹன்னா பின்னாலிருந்து பார்த்தான். எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றான். அதற்கு மேல் என்ன செய்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. வாஷர் காய ஒரு துணியை விரித்துக் கொடுத்தான்.

மறுநாள் தராசு அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கடுத்த நாள் ஃபிளாஸ்கோடு வேலைக்குப் போனான். மதியம் மூடியைத் திறந்து பார்த்தால் கட்டிகள் முனை மழுங்காமல் நின்றன.

ஜும்ஆ வந்தான். விசைப் பலகை மேல் காபி ஃபிளாஸ்கைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மாஷா அல்லாஹ்! இப்பத்தான்டா உனக்கு மனுஷ புத்தி வந்திருக்கு." வண்டியிலிருந்து தன் கோப்பையை எடுத்து, நீள அங்கியில் துடைத்து நீட்டினான்.

முஹன்னாவுக்குக் காது சுட்டது. ஃபிளாஸ்கைக் கண்ணில் காட்டிவிட்டு இல்லை என்று சொன்ன வீட்டில் பிறந்தவன் இல்லை அவன். இடது கையில் ஃபிளாஸ்கைப் பிடித்து, வலது கையால் மூடியைத் திறந்தான். ஃபிளாஸ்கை ஜும்ஆ பக்கம் சாய்த்தான். அன்றைய பங்கிலிருந்து ஒரு கட்டி வாய்வரை உருண்டு வந்து நின்றது.

ஜும்ஆ உள்ளே பார்த்தான்.

காலிக் கோப்பையை இடமும் வலமும் ஆட்டி, அங்கிப் பையில் போட்டுக்கொண்டான்.

"போதும்டா. நிறைஞ்சுடுச்சு," என்றான். "ஐஸைக் கொட்டு, மீன் காத்துக்கிட்டு இருக்கு."

முஹன்னா ஃபிளாஸ்கை நிமிர்த்தினான். கட்டி உள்ளே விழுந்த சத்தம் கேட்டது. மூடியை இறுகத் திருகி, விசையை அழுத்தினான்.